பீரோவைத் திறக்கும் முன் கொடியைப் பாருங்கள்: உடைகளைத் திட்டமிட்டு வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு பீரோவில் 27 புடவைகளும் 18 குர்திகளும் இருந்தன. இருந்தும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கு அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்கு உடுத்திக்கொண்டு போக ஒன்றும் இல்லையே என்று நின்றேன். தாம்பரத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நிற்க முடியாது. பருத்திப் புடவை ஒன்று இருந்தது. அதன் பிளவுஸ் தோளுக்கு மேல் ஏறவில்லை. குர்தி ஒன்று இருந்தது. அதோடு சேரும் ஒரே லெகிங்ஸ் கொடியில் ஈரமாகத் தொங்கியது. கடைசியில், முந்தின வாரம் மூன்று முறை போட்ட அதே நீலக் குர்தியைத் தேய்க்காமல் மாட்டிக்கொண்டு ஓடினேன்.

அன்று மாலை மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. பீரோவில் இருப்பது நான் வாங்கியவை. கொடியில் தொங்குவது நான் உடுத்துபவை. இரண்டும் இரண்டு வெவ்வேறு பெண்களுடையவை போல இருந்தன.

காரணம் எளிது. நம் ஊரில் துணி எடுப்பது நாள் பார்த்து நடக்கும் காரியம். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, ஆடித் தள்ளுபடியில் நான்கு, நாத்தனார் மகள் வளைகாப்புக்கு ஒன்று, அங்கே வைத்துக் கொடுத்தது இன்னொன்று. செவ்வாய்க்கிழமைக்கு என்று யாரும் துணி எடுப்பதில்லை. ஆனால் ஆண்டில் பெரும்பாலான நாள்கள் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் போலத்தான் இருக்கின்றன. அந்த நாளில் தொடங்கி விசேஷ நாளுக்குப் போவதுதான் இங்கே சொல்லப்போகும் முறை. சென்னையைப் போல வெயிலும் வியர்வையும் உள்ள ஊரில், வேலைக்குப் போகும் பெண்ணின் கணக்கில் எழுதுகிறேன். ஆண்களுக்கும் ஒரு பகுதி உண்டு. அவர்கள் பாடு சுலபம் என்பதால் சிறியதாகவே இருக்கும்.

முதல் படி: மூன்று வாரம் கொடியைக் கணக்கெடுங்கள்

எதையும் தூக்கிப் போடாதீர்கள், எதையும் வாங்காதீர்கள். மூன்று வாரம் வேடிக்கை மட்டும் பாருங்கள். துவைத்துத் தேய்த்து வந்த துணியை, அடுக்கில் எப்போதும் வலது ஓரத்திலேயே வையுங்கள். எடுப்பது எங்கிருந்து வேண்டுமானாலும் எடுங்கள். மூன்று வாரம் கழிந்ததும் வலப் பக்கத்தில் சேர்ந்திருப்பவைதான் நீங்கள் வாழும் வாழ்க்கைக்கான உடைகள். இடப் பக்கத்தில் அசையாமல் கிடப்பவை கல்யாணத்துக்கானவை, ஆசைக்கானவை, தவறி வாங்கியவை.

எனக்கு வலப் பக்கம் வந்தவை 9. மொத்தம் 45 உருப்படிகளில் 9!

அந்த ஒன்பதையும் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றையும் ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதினேன். "உள்ளே பாடி தெரியாது", "பையோடு தைத்தது", "கஞ்சி வேண்டாம்", "கழுத்து இறங்காது", "ரயிலில் கசங்கினாலும் தெரியாது" என்று வந்தது. "அழகான நிறம்" என்று இரண்டு இடத்தில்தான் எழுதியிருந்தேன். கடையில் நான் பார்ப்பதோ நிறத்தை மட்டும்தான். இந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் கடையில் இதுதான் கை கொடுக்கும்.

இரண்டாவது படி: இடப் பக்கத்தைப் பிரியுங்கள்

இடப் பக்கம் கிடப்பதை எல்லாம் ஒரு விடுமுறை நாள் காலையில் வெளியே எடுங்கள். மாலையில் வேண்டாம், களைப்பில் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே திணித்துவிடுவோம். நான்கு குவியல் போதும். சரிசெய்தால் உடுத்தலாம் என்பவை, விசேஷத்துக்கு மட்டும் உரியவை, நினைவுக்காக வைத்திருப்பவை, வெளியே போக வேண்டியவை.

நினைவுக் குவியலைப் பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. "ஓராண்டு உடுத்தாததைக் கொடுத்துவிடு" என்று எங்கும் சொல்கிறார்கள். அம்மாவின் கூரைப் புடவையை நான் பத்தாண்டுகளாகக் கட்டவில்லை, கொடுக்கவும் மாட்டேன். அதற்கென்று ஒரு டிரங்குப் பெட்டியோ மேல் தட்டோ ஒதுக்கிவிடுங்கள். அது உடைக் கணக்கில் வரக்கூடாது, அவ்வளவுதான்.

வெளியே போக வேண்டியதில் கிழியாததை, நிறம் போகாததை, துவைத்துத் தேய்த்த பிறகு கொடுங்கள். வாங்குகிறவர் மறுநாளே உடுத்தும்படி இருக்க வேண்டும். போகி வரை காத்திருந்து தெருவில் கொளுத்தும் வேலை வேண்டாம். இன்றைய துணியில் பாதி பாலியஸ்டர். அது எரியும்போது உருகிப் புகைகிறது.

மூன்றாவது படி: பிளவுஸ் என்ற பெரிய சிக்கல்

புடவை கட்டுகிறவர்கள் இங்கே நிதானமாக இருங்கள். பாதிப் பீரோ தூங்குவதற்குக் காரணம் புடவை அல்ல. புடவைக்கு அளவு கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி இருபது வயதிலும் சுற்றும், அறுபதிலும் சுற்றும். பிளவுஸ்தான் நம்மைக் கைவிடுகிறது.

என் 27 புடவைகளுக்கும் பிளவுஸைப் போட்டுப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியவை 11. மீதி 16 புடவைகளும் பூட்டிய வீடு போல. நான் புதுப் புடவை எடுக்க அலைந்துகொண்டிருந்தபோது, என்னிடமே பதினாறு புதுப் புடவைகள் இருந்திருக்கின்றன.

பதினாறையும் பையில் போட்டுக்கொண்டு டெய்லரிடம் போனேன். அவர் ஒவ்வொன்றையும் உள்ளே புரட்டிப் பக்கத் தையலைப் பார்த்தார். ஒன்பதில் உள் தையல் விட்டிருந்தது. பிரித்து ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் தளர்த்திக் கொடுத்தார். மற்றவற்றைக் காட்டி, "உள்ளே பிடிக்கத் துணியே விடவில்லை அக்கா, இதில் நான் எதைப் பிரிப்பது?" என்றார். அன்றிலிருந்து எந்த பிளவுஸ் தைக்கக் கொடுத்தாலும், இரண்டு பக்கமும் ஒரு இஞ்சுக்குக் குறையாமல் உள்ளே விட வேண்டும் என்றும், கையிலும் விட வேண்டும் என்றும் அளவுச் சீட்டிலேயே எழுத வைக்கிறேன். வாயால் சொன்னால் தீபாவளி நெரிசலில் மறந்துவிடுவார்கள்.

மீதி ஏழு புடவைகளுக்குப் புது பிளவுஸ் தைப்பதைவிட, பொதுவாகச் சேரும் நான்கு பிளவுஸ் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். என் நான்கு: அரக்கு, கறுப்பு, சந்தன நிறம், அடர் பச்சை. நம் ஊர்ப் புடவைகளின் கரையிலோ கட்டத்திலோ இந்த நான்கில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். இவற்றில் இரண்டையாவது இழுபடும் பின்னல் துணியில் ஆயத்தமாக வாங்கலாம். உடம்பு இரண்டு கிலோ ஏறினாலும் இறங்கினாலும் அவை கோபித்துக்கொள்ளாது. தைப்பு பிளவுஸின் அழகு அதில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குப் போதும்.

உள்பாவாடையையும் சேர்த்துப் பாருங்கள். மெல்லிய புடவைக்கு ஏற்ற நிறத்தில் உள்பாவாடை இல்லாமல் நான் இரண்டு ஆண்டு தொடாமல் வைத்திருந்த ஒரு புடவையை, ஒரு மாலைச் சிற்றுண்டிச் செலவில் மீட்டேன்.

நான்காவது படி: எத்தனை வேண்டும் என்று கூட்டுங்கள்

முப்பது உருப்படி, நாற்பது உருப்படி என்று யாரோ சொல்லும் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் வீட்டில் துணி உலர்த்தும் இயந்திரம் இருக்கும். உங்கள் எண்ணை உங்கள் வீட்டுத் துவைப்புதான் சொல்லும்.

கணக்கு இதுதான்: இரண்டு துவைப்புகளுக்கு இடையே வரும் வேலை நாள்கள், காய்ந்து இஸ்திரிக்குப் போய் வரும் நாள்கள், கையிருப்பாக இரண்டு. எனக்கு வாரம் ஆறு நாள் வேலை, ஞாயிறு துவைப்பு, இஸ்திரி வண்டிக்காரர் இரண்டு நாளில் தருவார். ஆக 6 + 2 + 2 = 10. பத்து ஜோடி அலுவலக உடை எனக்குப் போதும். அதில் நான்கு புடவை, ஆறு குர்தி. வாரம் இரண்டு முறை துவைக்கிறவருக்கு ஏழு போதும்.

பிறகு மற்றவை. வீட்டில் போட நான்கோ ஐந்தோ. கோயில், சொந்தக்காரர் வீடு, மாலை வரவேற்பு என்று நடுத்தரமான நாள்களுக்கு நான்கு. இந்த நடுத்தர வகைதான் பலரிடம் காலியாக இருக்கும். பட்டும் இருக்கும், நைட்டியும் இருக்கும், இடையில் ஒன்றும் இருக்காது. கோராப் புடவை, மென்பட்டு, நல்ல வேலைப்பாடுள்ள ஒரு பருத்திச் சுடிதார் ஆகியவை இந்த இடத்துக்கானவை. கல்யாணப் பட்டு எத்தனை வேண்டும் என்பதைக் குடும்பத்தின் அளவு சொல்லும். ஒரே புடவையை இரண்டு கல்யாணத்தில் கட்டினால் படத்தில் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன்: போன கல்யாணத்தில் உங்கள் சித்தி மகள் என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள்? நினைவில்லை அல்லவா?

இன்னொன்று, மழைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கனமான பருத்தி இரண்டு நாளானாலும் காயாது. காய்ந்தாலும் வாடை வரும். பருத்திதான் உயர்ந்தது என்று சாதிக்கிற ஆள்தான் நான்; என்றாலும் மழைக்கென்று இரண்டு ஜார்ஜெட் புடவையும், பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த இரண்டு குர்தியும் வைத்திருக்கிறேன். மின்விசிறிக் காற்றில் ஓர் இரவில் காய்ந்துவிடும். மே மாதத்தில் அவற்றைத் தொடுவதில்லை.

ஐந்தாவது படி: நிறத்தைக் கீழிருந்து தொடங்குங்கள்

குர்தியைப் பார்த்து மயங்கி வாங்கி, பிறகு அதற்கு லெகிங்ஸ் தேடுவதுதான் நாம் எல்லோரும் செய்வது. தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் கீழே போடுவதை முடிவு செய்யுங்கள். கறுப்பு, சந்தன நிறம், கருநீலம், இந்த மூன்றும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதில் ஒன்று லெகிங்ஸ், ஒன்று தளர்வான பேன்ட், ஒன்று பலாஸோ என்று வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆறு குர்திகளும் இந்த மூன்றோடும் சேர்ந்தால் 18 விதமாக உடுத்தலாம். ஒரு குர்தி ஒரே ஒரு பேன்ட்டோடுதான் சேரும் என்றால், அதைத் தூக்கி வைத்துவிடுங்கள். அது உங்களைக் கிளிப்பச்சை லெகிங்ஸ் வாங்க வைக்கும். நான் ஒரு ஆடியில் ஐந்து நிற லெகிங்ஸ் மலிவாகக் கிடைத்ததென்று அள்ளி வந்தேன். மூன்றுக்கு ஜோடியே கிடைக்கவில்லை. இப்போது அவை பாத்திரம் துடைக்கின்றன. பின்னல் துணி தண்ணீரை நன்றாக உறிஞ்சுகிறது.

மேலே போடுவதில் தாராளமாக இருங்கள். வெளிநாட்டு அறிவுரைகளில் சாம்பல், வெள்ளை, பழுப்பு என்று மட்டும் சொல்வார்கள். நம் கண்ணுக்கும் தோலுக்கும் மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, வெங்காயத்தோல் நிறம், கத்தரிப்பூ எல்லாம் அழகு. எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய நீலத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்ட நாடு இது. நிறத்தைத் துறக்கச் சொல்லவில்லை. கீழே மூன்று அமைதியான நிறம் இருந்தால் மேலே எதுவும் ஆடலாம் என்கிறேன்.

புடவையில் இன்னும் வசதி. உடலும் கரையும் வேறு நிறமாக இருக்கும் புடவைக்கு இரண்டு பிளவுஸ் நிறம் தானாகவே கிடைக்கிறது. முந்தானையில் மூன்றாவது நிறம் இருந்தால் மூன்று. ஒரே நிறத்தில் மேலிருந்து கீழ் வரை ஓடும் புடவையைவிட, எதிர்நிறக் கரைப் புடவை அலுவலகத்துக்கு அதிகம் உழைக்கும்.

ஆறாவது படி: துணியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பருத்தி என்ற ஒரே பெயரில் பத்து வகை இருக்கிறது. நெசவாளர்கள் "எத்தனையாம் நம்பர் நூல்?" என்றுதான் கேட்பார்கள். ஒரு பவுண்டு பஞ்சில் 840 கெஜ நீள நூல் சுற்றுகள், அதாவது கழிகள், எத்தனை நூற்கப்பட்டன என்பதே அந்த நம்பர். 80-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு 80 கழி, அதாவது 67,200 கெஜம். நம்பர் கூடக் கூட நூல் மெலிகிறது, துணி மென்மையாகிறது, விலையும் ஏறுகிறது. 40-ஆம் நம்பர் தடிமனாக, உழைப்புக்கு நிற்கும். 100, 120 காற்றுப்போல இருக்கும். ரயில் கூட்டத்தில் சீக்கிரம் நைந்துவிடும். அலுவலகப் புடவைக்கு 60-க்கும் 80-க்கும் இடையில் நிற்பது எனக்குச் சரியாக வருகிறது.

காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி பட்டையான கட்டங்களும் கனமான கரையும் கொண்டது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. முதல் இரண்டு முறை கட்டும்போது விறைப்பாக நம்மோடு சண்டை போடும். துவைக்கத் துவைக்கப் பழகும். மதுரைச் சுங்குடி இலேசு, வெயிலுக்கு ஏற்றது. மதுரைச் சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில் அது; முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தது என்றால் புள்ளிகள் சற்று முன்பின்னாக இருக்கும், முடிச்சுப் போட்ட இடம் விரலுக்குச் சுருக்கமாகத் தட்டுப்படும். புள்ளிகள் எல்லாம் அளவெடுத்தது போல ஒரே மாதிரி இருந்தால் அச்சடித்தது. அச்சடித்ததும் கட்ட நன்றாகத்தான் இருக்கும். முடிச்சுச் சுங்குடியின் விலையைக் கொடுக்காமல் இருந்தால் சரி. கோவைப் பக்கத்துக் கோரா, பட்டும் பருத்தியும் கலந்தது. கஞ்சி இல்லாமலே நிற்கும், கொசுவம் கலையாது. நடுத்தர நாள்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

குர்திக் கடைகளில் இப்போது பாதிக்கு மேல் ரேயான். தொட்டால் குளுமை, விழும் அழகு, விலை குறைவு. ஆனால் நனைந்தால் அதன் வலு குறையும், நல்ல ரேயான் இல்லையென்றால் சுருங்கவும் செய்யும். ஒரு கடையில் ஆசையாக எடுத்த ரேயான் குர்தி, முதல் துவைப்பில் நான்கு விரல் ஏறி முட்டிக்கு மேல் நின்றது. ரேயான் வாங்கினால் முழங்காலுக்கு நன்றாகக் கீழே வரும் நீளத்தில் வாங்குங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். லினன் அழகாகக் கசங்கும். கசங்கியதை அழகு என்று ஏற்கும் அலுவலகமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயம் பற்றி ஒரு வார்த்தை. கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அதை மட்டும் நம்பி அடுத்த முறையே வெள்ளைச் சட்டையோடு போட்டுவிடாதீர்கள். முதல் மூன்று துவைப்பைத் தனியாகச் செய்வதுதான் மற்றத் துணிகளைக் காப்பாற்றும்.

ஏழாவது படி: விலைச் சீட்டை நம்பாமல் கணக்குப் போடுங்கள்

உடையின் விலையை, எத்தனை முறை உடுத்துவீர்களோ அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஒரு கோராப் புடவை 1,900 ரூபாய் என்று வைப்போம். ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க 150, பிளவுஸ் தைக்க 650. மொத்தம் 2,700. மாதம் இரண்டு முறை, மூன்று ஆண்டு கட்டினால் 72 முறை. ஒரு முறைக்கு 37 ரூபாய் 50 காசு. ஒரு மலிவுக் குர்தி 600 ரூபாய். எட்டுத் துவைப்பில் வெளுத்துவிட்டால் ஒரு முறைக்கு 75. மலிவானது இரு மடங்கு விலை! கல்யாணப் பட்டு 14,000, ஆரி வேலையோடு பிளவுஸ் 3,000. ஆண்டுக்கு மூன்று முறை ஐந்து ஆண்டு கட்டினால் ஒரு முறைக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. பட்டு வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் பட்டுக்கு யோசிக்காமல் கொடுக்கிறோம், தினமும் உடுத்தும் பருத்திக்கு நூறு ரூபாய் பேரம் பேசுகிறோம்.

பராமரிப்பையும் சேர்த்தால் படம் இன்னும் மாறும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்ய ஒவ்வொரு முறையும் 50 ரூபாய் என்றால், அந்தப் புடவையைக் கட்டுவதைவிடத் தேய்ப்பதற்கு அதிகம் செலவாகிறது. வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை யார் துவைப்பார்கள், யார் தேய்ப்பார்கள்?

வரியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் ஆயத்த ஆடையின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 2,500 ரூபாய் உடை வரியோடு 2,625. 2,600 ரூபாய் உடையோ 3,068. நூறு ரூபாய் கூடுதல் மதிப்புக்கு 443 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். எல்லைக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் உடையை இரண்டு முறை யோசியுங்கள்.

எட்டாவது படி: பட்டியலோடு கடைக்குப் போங்கள்

இப்போது உங்களிடம் மூன்று தாள்கள் இருக்கின்றன: பிடித்தவற்றின் காரணம், தேவையான எண்ணிக்கை, நிறம். இவற்றிலிருந்து வாங்க வேண்டியதை எழுதுங்கள். "ஒரு குர்தி" என்று எழுதினால் ஏமாறுவீர்கள். "முழங்காலுக்குக் கீழ், முக்கால் கை, பை உள்ளது, கருநீலப் பேன்ட்டோடு சேருவது, கஞ்சி வேண்டாதது" என்று எழுதுங்கள். வரிசையும் முக்கியம். முதலில் தைக்கக் கொடுப்பவை, அடுத்து உள்ளாடை, உள்பாவாடை, அதன் பிறகு கீழே போடுபவை, கடைசியில்தான் கண்ணைப் பறிக்கும் மேலாடை. கடையில் இந்த வரிசை நேர்மாறாகத்தான் அடுக்கப்பட்டிருக்கும். உள்பாவாடைப் பிரிவு எப்போதும் ஏதோ ஒரு மூலையில்.

பீரோவைத் திறந்து, அடுக்கு அடுக்காகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். தியாகராய நகரின் மூன்றாவது மாடியில் நின்றுகொண்டு வீட்டில் இருக்கும் அரக்கு, அரக்கா குங்குமமா என்று நினைவுபடுத்த யாராலும் முடியாது.

கடையில் நான் செய்யும் சோதனைகள் இவை. துணியின் ஒரு மூலையை உள்ளங்கையில் பத்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து விடுவேன். கோடுகள் ஆழமாக நின்றால் ரயிலுக்கு ஆகாது. விளக்குக்கு எதிரே பிடித்து என் விரல்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பேன். உள்ளே புரட்டி அக்குள் தையலையும் பக்கத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்ப்பேன். போட்டுப் பார்க்கும் அறையில் நேராக நின்று கண்ணாடி பார்ப்பது போதாது. பேருந்துக் கம்பியைப் பிடிப்பது போலக் கையைத் தூக்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள். கடைசியாக, கடை விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விற்பனைப் பெண்ணிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே கூட வருவார். தினம் இப்படி நாலு பேர் கேட்பார்கள்.

பட்டென்றால் சில்க் மார்க் சீட்டும், கைத்தறி என்று விலை சொன்னால் கைத்தறி முத்திரையும் இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டில் ஓரத்து நூல் இரண்டை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, தலைமுடி கருகிய வாடையோடு பொடியாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாக உறையும். பருத்தி, காகிதம் எரிவது போல எரியும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்று மனதைப் பிடித்து இழுத்தால், படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். மூன்று நாள் கழித்தும் அதே நினைவாக இருந்தால் போய் வாங்குங்கள். எனக்குப் பத்தில் ஒன்றுதான் மூன்றாம் நாளைத் தாண்டியிருக்கிறது. அந்த ஒன்றை வாங்கியதில் ஒருபோதும் வருந்தியதில்லை.

எப்போது வாங்குவது

ஆடித் தள்ளுபடியில், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, மாறாத பொருள்களை வாங்குங்கள்: உள்பாவாடை, கறுப்பு லெகிங்ஸ், துண்டு, படுக்கை விரிப்பு. கண்ணைக் கவரும் துணிகளை அந்த நெரிசலில் சோதித்து வாங்க முடியாது. கைத்தறிப் புடவைக்குத் தீபாவளித் தள்ளுபடி நல்ல நேரம். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், பண்டிகைக் காலத்தில் வழக்கமாக 30 சதவீதம் தள்ளுபடி தரும். ஆனால் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு போகாதீர்கள். தள்ளுபடி தொடங்கிய முதல் வாரத்தில், வேலை நாளின் காலையில் போங்கள். டெய்லரும் அப்போதுதான் பேச நேரம் வைத்திருப்பார்.

ஆண்களுக்கு

நான்கு பேன்ட், எட்டுச் சட்டை, வேலை முடிந்தது. பேன்ட் கருநீலம், சாம்பல், பழுப்பு, ஒரு ஜீன்ஸ். இவற்றோடு வெளிர் நிறச் சட்டை எதுவும் சேரும். வியர்வை தெரியும் என்பதால் சாம்பல் சட்டையை மே மாதத்துக்கு வைக்காதீர்கள். டி-ஷர்ட் வாங்கும்போது ஜி.எஸ்.எம். எண்ணைப் பாருங்கள், ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை அது. 180 அளவில் இருந்தால் தொங்காமல் நிற்கும், 140 என்றால் வீட்டுக்கு. துணியெடுத்துத் தைக்கிறவர்கள் கடைக்குப் போகும் முன் டெய்லரிடம் எத்தனை மீட்டர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். துணியின் அகலம் 36 இஞ்சா 58 இஞ்சா என்பதைப் பொறுத்து அது மாறும். வேட்டியில் நாலு முழத்தில் இரண்டு, எட்டு முழத்தில் ஒன்று. கட்டத் தெரியாமல் முகூர்த்தம் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட ஒட்டிக்கொள்ளும் வேட்டி மேல். இதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

வாங்கிய பிறகு

பட்டைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு மடிப்பாக மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் அந்த வரியிலேயே கிழியும். அந்துருண்டை ஜரிகை மேல் படக்கூடாது. நான் வசம்பைச் சிறு துணியில் முடிந்து ஓரத்தில் போடுகிறேன்.

பீரோக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். புதிதாக ஒன்று வந்தால் தேதியோடு எழுதுவேன். ஆண்டுக்கு இரண்டு முறை, பொங்கல் விடுமுறையிலும் ஆடி பிறக்கும் முன்பும், மறுபடி வலப்பக்கம் இடப்பக்கம் பார்ப்பேன். போன ஆடிக்கு முன் பார்த்தபோது வலப் பக்கம் 19 இருந்தன. இந்த ஆண்டுக்கான பட்டியலில் இப்போதைக்கு மூன்றே வரிகள்: வெங்காயத்தோல் நிறச் சுங்குடிக்கு உள்பாவாடை, நைந்துபோன கறுப்பு லெகிங்ஸுக்கு மாற்று, பாதியில் நிற்கும் பச்சை பிளவுஸை டெய்லரிடமிருந்து வாங்கி வருவது.